காட்டுப் புளூபெர்ரி: மகுடம் எந்தப் பக்கம் இருக்கிறது?

ஜூலை இறுதி தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டொராண்டோவுக்கு வடக்கே உள்ள பாறைக் காடுகளிலும், நார்வேயில் ஒஸ்லோவைச் சூழ்ந்த பைன் காடுகளிலும், வாளியும் டப்பாவுமாகப் பழம் பறிக்கச் செல்வோரிடையே தமிழ்க் குடும்பங்களையும் காணலாம். அங்கே தானாக விளையும் காட்டுப் புளூபெர்ரி, கடையில் விற்கும் பழத்தைவிடச் சிறியது. ஆனால் இனிப்பும் புளிப்பும் மணமும் அதில் கூடுதல். காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. சிக்கல் என்னவென்றால், அதே காட்டில், அதே மாதத்தில், அதே கருநீல நிறத்தில் வேறு பல பழங்களும் பழுத்து நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வயிற்றைக் கலக்குவதோடு விட்டுவிடும். ஒன்றிரண்டு உயிரையே பறிக்கக்கூடியவை.

இந்த ஆபத்து எல்லோருக்கும் பொதுவானதுதான் என்றாலும், நமக்கு அது சற்றுக் கூடுதல் என்பது என் கருத்து. கருநிறச் சிறுபழம் நம் கண்ணுக்கு அந்நியமானதன்று. வேலியோரத்து மணத்தக்காளி, நாவல், களா, சூரை என்று கருத்த பழங்களைக் கண்ட இடத்தில் பறித்து வாயில் போட்டே வளர்ந்திருக்கிறோம். நார்வேயிலோ பின்லாந்திலோ பிறந்த குழந்தைக்கு, எந்தப் பழத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பாட்டியும் பள்ளியும் சேர்ந்து சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். முப்பது வயதில் அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஊரில் கற்ற வேறொரு காட்டின் பயிற்சிதான் கையில் இருக்கிறது. அது சில இடங்களில் உதவும், சில இடங்களில் நேர் எதிராக வேலை செய்யும்.

முதலில் செடியைப் பார்ப்போம். கிழக்குக் கனடாவிலும் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலும் மிகுதியாகக் கிடைப்பது வாக்சினியம் அங்குஸ்டிஃபோலியம் என்ற குட்டைப் புளூபெர்ரி. முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் குறுஞ்செடி அது. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டுகளிலிருந்து முளைத்துப் பாய் விரித்தாற்போல் பரந்து கிடக்கும். இலைகள் விரல்நுனி அளவே இருக்கும். நீள்வட்ட வடிவம், ஓரத்தில் கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் நுண்ணிய பற்கள். ஓர் இலை இப்பக்கம், அடுத்தது சற்று மேலே அப்பக்கம் என்று மாற்றிமாற்றி அமைந்திருக்கும். அதனோடு கலந்தே வளரும் இன்னோர் இனத்தின் இலைகள் பற்களின்றி, தொட்டால் மெல்லிய மயிர் படர்ந்து மிருதுவாக இருக்கும்; அதன் பழமும் உண்ணத்தக்கதே. வசந்தத்தில் வந்து பார்த்திருந்தால், வாய் குறுகிய சிறு குடம்போல் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூக்களைக் கண்டிருக்கலாம். இலையுதிர் காலத்தில் செடி முழுவதும் சிவந்துவிடும்.

ஐரோப்பாவில் நார்வேக்காரர் ப்ளோபேர் என்றும் பின்லாந்துக்காரர் முஸ்திக்கா என்றும் அழைப்பது வேறு இனம், ஆங்கிலத்தில் பில்பெர்ரி. இதன் சிறுகிளைகள் பச்சை நிறத்தில், உருட்டிப் பார்த்தால் விரலில் விளிம்புகள் தட்டுப்படும்படி கோணங்களோடு இருக்கும். வட அமெரிக்கப் பழம் கொத்தாகத் தொங்கும். இதுவோ இலைக்கக்கத்தில் ஒன்றிரண்டாக மட்டும் தொங்கும். பழத்தைப் பிளந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். வட அமெரிக்கப் புளூபெர்ரியின் சதை வெளிறிய பச்சை. பில்பெர்ரியின் சதை உள்ளும் புறமும் கருஞ்சிவப்பு. நார்வேயில் பழம் தின்ற குழந்தையை அதன் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எல்லாம் அமில மண்ணை விட்டு வெளியே வாழாதவை. இதைத் தெளிவாக நிறுவியவர் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில். 1910-இல் வெளியான அவரது ஆய்வுக்குப் பிறகுதான் புளூபெர்ரியைத் தோட்டப் பயிராக்க முடிந்தது. நியூ ஜெர்சியின் எலிசபெத் வைட்டுடன் சேர்ந்து அவர் வளர்த்த முதல் அறுவடை 1916-இல் சந்தைக்கு வந்தது. காட்டில் பறிப்பவருக்கும் இந்த அறிவு பயன்படும். பைன் மரங்கள், கருங்கல் பாறைகள், பாசி படர்ந்த சதுப்பு, பழைய காட்டுத்தீ தடங்கள் ஆகியவை இச்செடியின் வீடுகள். சுண்ணாம்பு மிகுந்த வளமண்ணிலோ ஊருக்குள் இருக்கும் பூங்கா வேலியிலோ கருநீலப் பழம் கண்டால், அது புளூபெர்ரியாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

மகுடமும் அதன் காரணமும்

புளூபெர்ரியை அடையாளம் காண்பது பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலில் சொல்வது மகுடத்தைத்தான். காம்பு இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், பழத்தின் அடியில், ஐந்து முனைகள் கொண்ட சிறு நட்சத்திரம் போன்ற விளிம்பு தெரியும். அது மகுடம். ஆனால் ஏன் அது அங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், மனப்பாடம் செய்ய வேண்டிய விதி தானாகவே நினைவில் நிற்கும்.

பூவில் புல்லிவட்டம் என்ற பச்சை இதழ்வட்டம் ஒன்று உண்டு. கொய்யா, மாதுளை, புளூபெர்ரி ஆகியவற்றின் பூவில் சூற்பை அந்தப் புல்லிவட்டத்துக்குக் கீழே அமைந்திருக்கிறது. தாவரவியல் பாடநூல்கள் இதைக் கீழ்மட்டச் சூற்பை என்கின்றன. சூற்பைதான் பழமாகப் பருக்கிறது. ஆகவே பழம் பருத்த பிறகு புல்லிவட்டம் அதன் தலைமாட்டில், காம்புக்கு எதிர்ப்புறத்தில் எஞ்சி நிற்கிறது. கத்தரி, தக்காளி, மணத்தக்காளி ஆகியவற்றில் அமைப்பு தலைகீழ். அங்கே சூற்பை புல்லிவட்டத்துக்கு மேலே இருக்கிறது. எனவே புல்லிவட்டம் காம்போடு ஒட்டிப் பழத்துக்குத் தொப்பியாக அமைகிறது. கத்தரிக்காயை நறுக்கும்போது நாம் அரிந்து எறியும் அந்தப் பச்சைத் தொப்பிதான் அது.

இந்த ஒரு வேறுபாடு, ஐரோப்பியக் காட்டின் மிகக் கொடிய பழத்தைப் புளூபெர்ரியிலிருந்து பிரித்துக் காட்டிவிடுகிறது. அட்ரோபா பெல்லடோனா கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பழம் பளபளக்கும் கருமை, சிறிய செர்ரி அளவு, ஒவ்வொன்றும் இலைக்கக்கத்தில் தனித்தனியே நிற்கும். காம்புப் பக்கம் ஐந்து பச்சை மடல்கள் விண்மீனாக விரிந்து பழத்தைத் தாங்கியிருக்கும். எதிர்ப்புறம் மழுமழுவென்று வெறுமையாக இருக்கும். விண்மீன் இரண்டிலும் உண்டு. அது எந்தப் பக்கம் என்பதே கேள்வி.

மகுடத்துக்கு இரண்டு எச்சரிக்கைகள் சேர்க்க வேண்டும். முதலாவது, பில்பெர்ரியில் ஐந்து கூர்முனைகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் மகுடம் முனைகள் தேய்ந்து, வட்டமான விளிம்பும் நடுவில் தட்டையான பரப்புமாக, நாணயத்தை அழுத்தி எடுத்த தடம் போல இருக்கும். இரண்டாவது எச்சரிக்கையே முக்கியம்: மகுடம் இல்லாத பழம் புளூபெர்ரி அன்று என்பது உண்மை, மகுடம் உள்ளதெல்லாம் புளூபெர்ரி என்பது உண்மையன்று. கனடிய நகரங்களிலும் நார்வேயின் குடியிருப்புகளிலும் வேலிச்செடியாக நடப்படும் கோட்டோனியாஸ்டர் என்ற புதரின் கரும்பழத்திலும் தெளிவான மகுடம் உண்டு. அதை உண்ணக்கூடாது. வெட்டினால் சாறில்லாத மாவுச்சதையும் மூன்று நான்கு கடினக் கொட்டைகளும் தெரியும். சுவரில் படரும் ஐவிக் கொடியின் கருங்காயிலும் நுனியில் வளையம் ஒன்று உண்டு, அதுவும் நச்சு.

உண்ணத்தக்க உறவினரும் மகுடம் தரித்தே வருகிறார்கள். சஸ்கட்டூன் பழம் ஆள் உயரத்துக்கு மேலும் வளரும் புதரில் விளைவது. ஹக்கிள்பெர்ரி எனப்படும் கருநிறப் பழத்தில் பத்துக் கடின விதைகள் பல்லில் நறநறக்கும், இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பிசின் புள்ளிகள் மின்னும். இவற்றைப் புளூபெர்ரி என்று நினைத்துத் தின்றுவிட்டால் கெடுதல் இல்லை.

ஆகவே பழத்தைக் குறுக்கே நறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். பேனாக்கத்தி போதும். புளூபெர்ரிக்குள் ஒரே பெரிய கொட்டை இராது. எண்ணத் தோன்றாத அளவு நுண்விதைகள் சதையோடு கலந்திருக்கும், மெல்லும்போது தெரியவே தெரியாது. தோலின் மேல் விரலால் தேய்த்தால் அகலும் வெண்ணிற மெழுகுப் பூச்சு இருக்கும்; திராட்சையிலும் இருப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது, ஆனால் கண்ணாடிபோல் பளபளக்கும் பழத்தைக் கண்டால் சந்தேகம் கொள்ள அது உதவும்.

உடன் வளரும் போலிகள்

ஒன்டாரியோவின் வடக்குக் காட்டில் புளூபெர்ரிக்கு அருகிலேயே நிழலான இடத்தில் நிற்பது கிளின்டோனியா. குழந்தைகளின் கண்ணை முதலில் பறிப்பது இதுதான், ஏனெனில் இதன் நீலம் புளூபெர்ரியின் நீலத்தைவிட அழுத்தமானது. தரையோடு ஒட்டி இரண்டு முதல் நான்கு அகன்ற பளபளப்பான இலைகள், லில்லிக் குடும்பத்துக்கே உரிய இணைநரம்புகளோடு. நடுவிலிருந்து இலையே இல்லாத ஒற்றைத் தண்டு எழும்பி, உச்சியில் சில நீலமணிகளைத் தாங்கி நிற்கும். தின்றால் வயிற்றுக்கோளாறு வரும். செடியை ஒருமுறை அடிமுதல் நுனிவரை பார்த்தவர் இதைப் புளூபெர்ரியோடு குழப்ப வழியே இல்லை. பழத்தை மட்டும் உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பவருக்குத்தான் குழப்பம்.

தெற்கே வர வர வேறு செடிகள் சேரும். போக்வீட் மனித உயரத்தையும் தாண்டி வளரும்; அதன் தண்டு வெளிர்ச் சிவப்புச் சாயம் பூசியதுபோல் இருக்கும், பழங்கள் நீண்ட சரமாகத் தொங்கும், ஒவ்வொன்றும் மேலும் கீழும் அமுக்கியதுபோல் தட்டையானது. வர்ஜீனியா கிரீப்பர் ஐந்து சிற்றிலைகள் கொண்ட கொடி. மூன்சீட் கொடியின் பழம் காட்டுத் திராட்சை போலவே இருக்கும். உள்ளே பிறை வடிவில் ஒற்றை விதை, உயிராபத்தான நஞ்சு. பக்தார்ன் என்ற புதரின் கரும்பழம் தின்றவரைப் பேதியால் வாட்டும். அதன் அறிவியல் பெயரிலேயே பேதிமருந்து என்ற பொருள் இருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாக நினைவில் வைப்பதைவிட, புளூபெர்ரி ஒருபோதும் செய்யாதவற்றை நினைவில் வைப்பது எளிது. அது கொடியாக ஏறாது. அதற்கு முள் இல்லை. அதன் இலை பல சிற்றிலைகளாகப் பிரியாது. இலைகள் ஒரே கணுவில் எதிரெதிராக நிற்காது. இந்த நான்கில் ஒன்றை மீறினாலும் அந்தச் செடியை விட்டுவிடலாம்.

ஸ்காண்டிநேவியக் காடுகளில் கவனிக்க வேண்டியது நான்கிலைச் செடியான பாரிஸ் குவாட்ரிஃபோலியா. முழங்கால் உயரத் தண்டின் உச்சியில் நான்கு இலைகள் சிலுவையாக விரிய, அவற்றின் நடுவே ஒரே ஒரு கருநீலப் பழம் அமர்ந்திருக்கும். நிறமும் பருமனும் பில்பெர்ரியை அப்படியே நினைவூட்டும். நல்லவேளையாக ஒரு செடிக்கு ஒரு பழம்தான். கை நிறையப் பறிக்க வாய்ப்பில்லை. ஆக்டேயா என்ற செடியின் கரும்பழக் கொத்தும் அதே காடுகளில் உண்டு, அதுவும் நச்சு.

இனி மணத்தக்காளி. தென்மாவட்டங்களில் சுக்குட்டி என்று சொல்லும் இந்தக் கீரையை நாம் வாய்ப்புண்ணுக்குச் சமைத்தும், காயை வற்றலாக்கியும், பழத்தை அப்படியேயும் உண்கிறோம். மேற்கத்திய வழிகாட்டி நூல்கள் பல இதே செடியை நச்சுச்செடி வரிசையில் வைத்திருப்பதைக் கண்டு நம்மவர் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. பழுத்த பழமும் வேகவைத்த கீரையும் நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக உணவு. பழுக்காத பச்சைக்காயில்தான் சொலனின் வகை நச்சுகள் மிகுதி. ஆனால் மணத்தக்காளி என்பது நெருங்கிய பல இனங்களின் கூட்டம். கனடாவிலோ ஐரோப்பாவிலோ சாலையோரத்தில் நிற்பது அந்தக் கூட்டத்தில் எது என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிப்பது கடினம். அதைவிட முக்கியமாக, பெல்லடோனாவைப் பார்த்ததும் ‘அட, நம்மூர் மணத்தக்காளிதான், கொஞ்சம் பெரிசா இருக்கு’ என்று எண்ணவைக்கும் அதே பச்சைத் தொப்பி அதிலும் இருக்கிறது. மணத்தக்காளி சிறு கொத்தாகத் தொங்கும், பட்டாணிக்கும் சிறியது. பெல்லடோனா தனித்து நிற்கும், பெரியது, அதன் தொப்பி பழத்தைவிட அகன்று விரிந்திருக்கும். குறைந்தபட்சம் ஐரோப்பிய மண்ணில், விதை போட்டு நாமே வளர்த்த மணத்தக்காளியைத் தவிர வேறெதையும் உண்ணாதிருப்பதே அறிவுடைமை என்பேன்.

வேறு திசையில் ஓர் உண்மையான உறவும் நமக்கு உண்டு. புளூபெர்ரியின் வாக்சினியம் பேரினம் நீலகிரியின் சோலை ஓரங்களிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் வாழ்கிறது. வாக்சினியம் லெஷனால்ட்டி என்ற அந்தச் சிறுமரத்தின் குடப்பூவையும் மகுடப்பழத்தையும் பார்த்தவர், வடக்கே காணும் செடியின் குடும்பச் சாயலை உடனே கண்டுகொள்வார். ஊட்டிப் பக்கத்தில் விற்கும் தவிட்டுப்பழத்துக்கும் மகுடம் உண்டு, ஆனால் அது கொய்யாவின் குடும்பம்.

நம்பக்கூடாத சோதனைகள்

பறவை தின்றால் மனிதனும் தின்னலாம் என்பது எல்லா ஊரிலும் வழங்கும் பேச்சு. போக்வீட் பழத்தைப் பறவைகள் விரும்பித் தின்கின்றன. விதையைப் பரப்புவதற்காகவே அந்தப் பழம் அவற்றுக்கு ஏற்றவாறு அமைந்திருக்கிறது. நம் உடலுக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் தொடர்பே இல்லை. கசந்தால் நச்சு, இனித்தால் உணவு என்பது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் பெல்லடோனாப் பழம் இனிக்கும். குழந்தைகள் இரண்டாவது பழத்தையும் மூன்றாவது பழத்தையும் தின்றுவிடுவது அதனால்தான். அவர்களுக்கு ஒரு சில பழங்களே உயிராபத்து. சிறிது கடித்துப் பார்த்துச் சில மணிநேரம் காத்திருக்கும் முறை, உயிர்பிழைப்புக் கையேடுகளில் உணவே இல்லாத நிலைக்குச் சொல்லப்படுவது. ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு அது பொருந்தாது.

கைப்பேசிச் செயலிகள் புதிய மூடநம்பிக்கையாகி வருகின்றன என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். பழத்தை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்துக் கொடுத்தால், செயலி ஏதாவதொரு பெயரைச் சொல்லத்தான் செய்யும். இலையமைப்பு, தண்டு, உயரம், காம்பு, மகுடம் ஆகிய எவையும் அந்தப் படத்தில் இல்லாதபோது அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. தேடலைத் தொடங்க அதைப் பயன்படுத்தலாம். உண்பதற்கான அனுமதியாக அதைக் கொள்ளக்கூடாது. முதல் பருவத்தில் அந்தக் காட்டை நன்கு அறிந்த ஒருவரோடு சென்று, அவர் கையால் ஒரு செடியைத் தொட்டுக்காட்டப் பெறுவதற்கு ஈடு வேறில்லை.

செடி சரி, இடம் சரியா?

புளூபெர்ரி வெயில் விரும்பி. காட்டில் மரங்கள் அடர்ந்துவிட்டால் அது பூக்காமல் ஒடுங்கிக் கிடக்கும். தீயோ வெட்டுக்கோடாலியோ வெளிச்சத்தைத் திறந்துவிட்டால் அடித்தண்டிலிருந்து பொங்கி எழும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் இதை அறிந்து, புளூபெர்ரி நிலங்களைத் திட்டமிட்டு எரித்துப் பராமரித்தார்கள். இன்றைக்கு அந்த வெளிச்சத்தை யார் திறந்து வைக்கிறார்கள் என்று கேட்டால், உயர் மின்கம்பித் தடங்கள், இரயில் பாதைகள், மரம் வெட்டி மீண்டும் நட்ட காடுகள் என்று பதில் வரும். பழம் கொழிக்கும் இதே இடங்களில்தான் புதர் மண்டாமலிருக்கக் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். ஒன்டாரியோவில் வெட்டிய காடுகளில் பைன் கன்றுகளுக்கு இடம் விட கிளைஃபோசேட் தெளிப்பது பெரும்பாலும் கோடை முடிவில், அதாவது பழம் பழுத்திருக்கும் காலத்தையொட்டியே. நுழைவில் அறிவிப்புப் பலகை வைப்பார்கள். அதைப் படிக்காமல் உள்ளே போகக்கூடாது. அண்டையிலுள்ள கியூபெக் மாகாணம் தன் பொதுக் காடுகளில் இவ்வழக்கத்தை 2001-இல் நிறுத்திவிட்டது. இலைகள் காரணமின்றி ஒரே சீராகப் பழுத்துக் கருகியிருக்கும் தடத்தில், பழம் எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பறிக்க வேண்டாம்.

ஒன்டாரியோவின் சட்பரி நகரம் இன்னொரு விசித்திரம். நிக்கல் தாதுவை உருக்கிய ஆலைகளின் கந்தகப் புகை பல பத்தாண்டுகள் அங்கே காடுகளைக் கருக்கி மண்ணை அமிலமாக்கியது. 1972-இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கியைக் கட்டிப் புகையைத் தொலைவுக்கு அனுப்பினார்கள். மற்ற செடிகள் மாண்ட அந்தக் கரும்பாறைகளில், அமிலத்தைத் தாங்கும் புளூபெர்ரி செழித்தது. இன்றும் அவ்வூருக்குப் பழத்தால் பெயர் உண்டு. உருக்காலைகளையொட்டிய மண்ணில் நிக்கல், செம்பு, ஈயம், ஆர்சனிக் ஆகியவை படிந்துள்ளதால், ஆலையை விட்டு விலகிப் பறிப்பதும் மண் தூசி போகக் கழுவுவதும் அங்கே அவசியம்.

ஐரோப்பாவில் இதே கேள்வி 1986-இன் செர்னோபில் அணு உலை விபத்தோடு வருகிறது. அதில் வெளியான கதிரியக்கப் பொருளான சீசியம்-137 வேதியியலில் பொட்டாசியத்தின் சாயல் கொண்டது. காட்டு மண்ணின் மேலடுக்கில் தங்கி, மேலோட்டமான வேர்கொண்ட பில்பெர்ரி வழியாகப் பழத்துக்குள் புகுகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 30 ஆண்டுகள். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் பாதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து வரும் காட்டுப் பழங்களுக்கும் காளான்களுக்கும் கிலோவுக்கு 600 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. ஒஸ்லோவில் வீட்டுக்குக் கொஞ்சம் பறிப்பவர் இதற்காகத் தூக்கம் இழக்க வேண்டியதில்லை.

நரி நாடாப்புழு பற்றிய அச்சம் தெற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பரவலானது. நரியின் கழிவு வழியே வெளிவரும் முட்டைகள் தாழ்ந்த செடிகளில் ஒட்டலாம்; மனித உடலில் புகுந்தால் ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகள் அறிகுறியின்றி இருந்து ஈரலைச் சிதைக்கும். நோய் மிக அரிது. அதில் காட்டுப் பழத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தும் இல்லை. ஸ்வீடனில் இப்புழு 2011-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நார்வேயின் பெருநிலம் இதுவரை இதிலிருந்து விடுபட்ட பகுதியாகவே கருதப்படுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் மனிதர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. வீட்டு உறைவிப்பானின் குளிர் இந்த முட்டைகளைக் கொல்லாது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அதற்கு மைனஸ் 80 டிகிரியில் பல நாட்கள் வேண்டும். கொதிக்கவைத்து ஜாம் செய்தால் இறந்துவிடும். புழு உள்ள பகுதிகளில் நன்றாகக் கழுவி உண்பது, ஐயமிருப்பவர் சமைத்து உண்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிலம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். நார்வேயில் 1957-இன் திறந்தவெளிச் சட்டம் உறுதிசெய்த பொதுவுரிமையின் கீழ், வேலியிடாத காட்டில் யார் வேண்டுமானாலும் பில்பெர்ரி பறிக்கலாம். மேய்னில் அப்படியில்லை. அங்கே யாரும் நடாமல் தானாக விளைந்தது போல் விரிந்து கிடக்கும் புளூபெர்ரி வெளிகள் பெரும்பாலும் தனியார் விளைநிலங்கள். அங்கே பறிப்பது திருட்டு, மருந்து தெளித்த பயிராகவும் அது இருக்கலாம்.

ஆகஸ்டில் கரடிகளும் குளிர்காலத் துயிலுக்குக் கொழுப்புச் சேர்க்கப் புளூபெர்ரியைத்தான் நாடுகின்றன. குனிந்தபடி அமைதியாகப் பறித்துக்கொண்டு போகாமல் உரக்கப் பேசிக்கொண்டே செல்வது கருங்கரடியைத் திடுக்கிடச் செய்யாமல் விலக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது, திரும்பியதும் குழந்தைகளின் காதுமடல், அக்குள், முழங்கால் மடிப்பு ஆகியவற்றில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது ஆகியவை லைம் நோய் பரவும் தெற்கு ஒன்டாரியோவில் கட்டாயம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பறித்ததை வெள்ளைத் துணியிலோ தட்டிலோ பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தால், வாளியில் தவறி விழுந்த அந்நியப் பழம் தனியே தெரியும். குழந்தைகள் பறித்த பங்கை இப்படிப் பார்க்காமல் உண்ணக் கொடுக்கக்கூடாது. இளஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ சுருங்கி இறுகிய பழங்கள் பூசணத்தால் தாக்கப்பட்டவை, அவற்றை எறிந்துவிடலாம். சில பழங்களில் சிறு வெண்புழு இருக்கலாம். அருவருப்புத்தானே தவிரத் தீங்கில்லை. மெழுகுப் பூச்சு இருக்கும்வரை பழம் எளிதில் கெடாது. எனவே கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும் முன் ஓடும் நீரில் கழுவுவது நல்லது. உறையவைப்பதானால் ஈரமின்றி ஓரடுக்காகப் பரப்பி உறையவைத்த பின் பையில் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. சிறு குழந்தைகளுக்குப் பெரிய உருண்டைப் பழங்களை நசுக்கியோ நறுக்கியோ கொடுக்க வேண்டும், தொண்டையில் அடைக்கும்.

இலைத் தேநீர் பற்றி ஒரு சொல். புளூபெர்ரி இலையைக் காயவைத்துக் கொதிக்கவைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதே நிலத்தில், அதே உயரத்தில், புளூபெர்ரிச் செடிகளுக்கு நடுவே கால்மியா என்ற செடி கலந்து வளர்கிறது. ஆடுகளைக் கொல்வதால் பண்ணையாளர் அஞ்சும் செடி. இதன் பழம் காய்ந்த சிமிழ் என்பதால் பழம் பறிப்பவர் ஏமாற மாட்டார். இலை பறிப்பவர் ஏமாறலாம். அதிலுள்ள கிரயானோடாக்சின் என்ற நஞ்சு இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் வீழ்த்தும். பழத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

தவறான பழம் வாய்க்குள் போய்விட்டது என்ற ஐயம் எழுந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. எஞ்சியதைத் துப்பவைத்து வாயைக் கழுவி, எத்தனை பழம், எப்போது என்று குறித்துக்கொண்டு நச்சு ஆலோசனை மையத்தை அழைக்க வேண்டும்: கனடாவில் 1-844-764-7669, கியூபெக்கில் 1-800-463-5060, அமெரிக்காவில் 1-800-222-1222, நார்வேயில் 22 59 13 00. அவர்கள் சொல்லாமல் வாந்தியெடுக்க வைக்கவோ உப்புநீர், பால் என்று வீட்டு வைத்தியம் செய்யவோ வேண்டாம். கண்மணி விரிந்து, வாய் உலர்ந்து, முகம் சிவந்து சுட, குழந்தை தொடர்பின்றிப் பிதற்றினால் அது பெல்லடோனா வகை நஞ்சின் அடையாளம்; அப்போது கனடா, அமெரிக்காவில் 911, நார்வேயில் 113 என நேரே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். இலையும் பழமும் சேர்ந்த ஒரு கிளையை ஒடித்து உடன் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் செடி நின்ற நிலையில் அடிமுதல் உச்சிவரை ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கறுப்பா, உருண்டையா ஒரு பழம்’ என்ற விவரிப்பை வைத்து மருத்துவரால் எதையும் முடிவுசெய்ய முடியாது.